செல்லம் ஓட்டிய லோரி

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ரிங்லெட் கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற செம்மண் சாலை. இரண்டு பக்கமும் தேயிலை ஆளுயரத்துக்கு வளர்ந்து காடாகிக் கிடந்தது. கவாத்து வெட்ட ஆள் இல்லை, கேட்கத் துரை இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரில் நிற்பது ஆளா, மரமா என்று தெரியாத பனி.

அந்தச் சாலையில் வேலாயி தனியாக ஏறி வந்தாள். உடம்பில் சாக்குத் துணி. மடியில் ஒரு கை உப்பு. நூர்தீன் ராவுத்தர் கடையில் தேயிலைத் தூளைக் கொடுத்து வாங்கிய உப்பு. அதற்காக மலை இறங்கி, மலை ஏறி... கால் இரண்டும் கடுத்துப்போயிருந்தன.

வளைவில் ஏதோ நின்றது. நாய் என்று நினைத்தாள்.

கிட்டே போனால் குழந்தை. இரண்டரை வயசுக் குழந்தை, சாலை நடுவில், தனியாக. பக்கத்து வீட்டு இராசம்மாவின் மகள் செல்லம். லைன் வீடுகளிலிருந்து அந்த வளைவு வெகு தூரம். பெரியவர்களே இருட்டினால் வர யோசிக்கிற இடம்.

குழந்தை அழவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. வேலாயியை ஏற இறங்கப் பார்த்தது.

"ஏ புள்ள... எங்க போயிட்டு வர்ற? இருட்டிடிச்சில்ல."

மழலை மாறாத குரல்தான். ஆனால் அந்த "ஏ புள்ள"... அதை அப்படி இழுத்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் போய் மூன்றரை வருஷம் ஆகியிருந்தது.

திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடுகிறானே நாகப்பன், அவனுடைய அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்காதான் இந்த வேலாயி. ஜப்பான்காரன் காலம் முடிகிற வருஷத்தில் அவளுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள், பனி உள்ளே வருகிறது.

வேலாயியின் புருஷன் சிங்காரம் தோட்டத்து லோரி டிரைவர். சண்டை வருகிறது, ஜப்பான்காரன் வடக்கேயிருந்து இறங்கிவிட்டான் என்று தெரிந்ததும் துரை மூட்டை கட்டினார். அவர் தன் மோட்டாரில் முன்னால் போய்விட்டார். பெட்டிகளை லோரியில் ஏற்றி மலையடிவாரத் தாப்பாவில் கொண்டு சேர்க்கச் சொல்லிச் சிங்காரத்துக்கு உத்தரவு.

விடியாத நேரம் அது. எலும்பைத் துளைக்கிற குளிர். முந்தின நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு அடித்துப்போட்டது போலக் கிடந்தாள் வேலாயி. சிங்காரம் தானே எழுந்தான். மிச்சமிருந்த கறுப்புத் தேநீரைக் குடித்தான். கோட்டை மாட்டினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். தன் போர்வையை எடுத்து அவள் காலில் போர்த்தினான்.

அவள் விழித்துத்தான் இருந்தாள். ஆனால் கண்ணைத் திறந்தால் எழுந்திருக்க வேண்டும், அடுப்பை ஊத வேண்டும். சாயங்காலம்தான் வந்துவிடுவாரே... கண்ணை மூடியபடியே கிடந்தாள். அவன் கை அவள் காலின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டான். லோரிச் சத்தம் ஒவ்வொரு வளைவாக இறங்கிக் கீழே போய்க் கரைந்தது.

சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் ஜப்பான்காரன்தான் மலை ஏறி வந்தான். லோரியை வெள்ளைக்காரப் பட்டாளம் பிடுங்கிக்கொண்டது என்றார்கள். கீழே கம்பாரில் குண்டு விழுந்து செத்தான் என்றார்கள். வழியில் அருவி வளைவுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் உருண்டது என்றும் ஒரு பேச்சு. போய்ப் பார்க்க யாராலும் முடியவில்லை. வேலாயி தாலியை இறக்கவில்லை. தாலியில் இருந்த பொட்டுத் தங்கமும் ஒரு பஞ்சத்தில் போய்விட்டது. மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் கிடந்தது.

லைனில் பாதிப் பெண்கள் அப்படித்தான். இராசம்மாவின் புருஷன் மாடசாமியைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது செல்லம் தவழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் மரவள்ளிக்கிழங்கை அவித்து, பிய்த்துத் தின்று, நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் வேலாயி. இராசம்மா லைன் முழுக்கத் தேடித் தொண்டை கட்டிப்போய் நின்றாள். குழந்தை சொன்னதை வேலாயி அவளிடம் சொல்லவில்லை. காதில் தப்பாக விழுந்திருக்கும், களைப்பு, என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஆனால் அது நிற்கவில்லை.

செல்லம் விறகுக் கட்டை மேல் ஏறி உட்காருவாள். தகரத் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். தட்டு இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும். இடது கை இறங்கி எதையோ முன்னே தள்ளும். வாயால் சத்தம். ஏற்றத்தில் லோரி முனகுமே, அந்த முனகல்... பிறகு இறக்கத்தில் வருகிற இரைச்சல்.

சின்னப் பிள்ளைகள் விளையாடுவதுதானே என்பீர்கள். செல்லம் பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் லோரி ஓடியதே இல்லை. பெட்ரோல் ஏது? அந்தக் குழந்தை லோரி என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

விளையாட்டு எப்போதும் ஒரே மாதிரி முடியும். பிரேக்கை மிதிப்பது போல வலது கால் தரையை மிதிக்கும். மறுபடி மிதிக்கும். மறுபடி, மறுபடி... "பிடிக்கல... பிடிக்கல..." என்பாள். பிறகு வாய் திறந்துகொள்ளும். தண்ணீர் குடிக்கிறவள் போலத் தொண்டை ஏறி இறங்கும். சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் மட்டும், புகையும் கிழங்கு வாடையும் நிறைந்த அந்த வீட்டில், பெட்ரோல் வாசனை வரும்.

இராசம்மாவுக்கும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம். காய்ச்சலில் கிழங்குக் கொல்லை வேலைக்குப் போகாமல் சுருண்டு கிடந்தாள் வேலாயி. கதவு கிறீச்சென்றது. செல்லம் உள்ளே வந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்தாள். கிடந்த சாக்கை இழுத்து அவள் பாதத்தை மூடினாள். சின்னக் கையை அதன் மேல் வைத்தாள்.

"அன்னிக்கு நீ தூங்கல. எனக்குத் தெரியும்."

வேலாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எழுப்ப மனசு வரல. அசந்து கெடந்த."

அந்த விடியற்காலையை வேலாயி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூடப்பிறந்தவளிடம்கூட. கண்ணை மூடிக் கிடந்தது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்... அவனுக்கும் தெரியும் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்றரை வருஷமாக வராத அழுகை வந்தது. குழந்தை அவள் காலைத் தட்டிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வேலாயி தடுக்கவில்லை. சாயங்காலம் செல்லம் வந்தால் கதவைத் திறந்துவிட்டாள். தன் பங்குக் கிழங்கில் பாதியை ஊட்டினாள். அந்த ஒரு "ஏ புள்ள"வுக்காக நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

குழந்தை மெலிந்துகொண்டே வந்தது. பெற்றவள் கையால் ஊட்டினால் துப்பியது. ஒரு காலையில் இராசம்மா தலை வாரிவிடும்போது திரும்பி, "நீ யாரு?" என்று கேட்டது.

அன்றைக்கு இராசம்மா வேலாயியின் வாசலில் வந்து உட்கார்ந்தாள். சண்டை போட வரவில்லை. சண்டைக்குத் தெம்பு யாருக்கு இருந்தது.

"அக்கா, போன பொறப்பு ஞாபகம் வர்ற புள்ள தங்காதும்பாங்க."

"எனக்கும் தெரியும்."

"பண்டாரத்தக் கேட்டேன். செத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சாத்தான் விடுமாம். அண்ணனுக்குக் கருமாதி பண்ணிடுக்கா. கயித்த எறக்கிடு."

வேலாயி கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவரு வந்து நின்னா? உசிரோட இருக்கறவருக்கு நானே கொள்ளி வைக்கறதா?"

"வந்துட்டாருக்கா" என்றாள் இராசம்மா. "எம் புள்ளைக்குள்ள வந்து நிக்கறாரு. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அத விட்டுடச் சொல்லு."

வேலாயியின் விரல் கயிற்றை நெருடியது. கயிற்றை இறக்கினால் அவன் செத்தவனாகிவிடுவான். அது மட்டுமா? அந்தக் குரலும் போய்விடும். ஒரே ஆளை இரண்டு தடவை எப்படிப் பறிகொடுப்பது? இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றாள். பிறகு இன்னும் இரண்டு நாள்.

அதற்குள் செல்லத்துக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, குழந்தையோ குளிரில் நடுங்குகிறது. பல் கிட்டித்துக்கொண்டு, "தண்ணி கண்ணாடி வரைக்கும் வந்துடிச்சு... கதவு தொறக்கல" என்று முனகியது. உதடு நீலம் பாரித்திருந்தது. இராசம்மா அழவில்லை. வேலாயியை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலையில பண்டாரத்த வரச் சொல்லு" என்றாள் வேலாயி.

தோட்டத்துக்குக் கீழே ஆறு. மேலே மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. பண்டாரம் இருளப்பன் வந்து உட்கார்ந்தார். அவர் உடம்பிலும் சாக்குத்தான். பிண்டம் பிடிக்க அரிசி இல்லை. அவித்த மரவள்ளியைப் பிசைந்து உருட்டினார்கள். எள் இல்லை. "கைய வெச்சு நெனச்சுக்க தாயி, போதும்" என்றார்.

வேலாயி கயிற்றைத் தானே அவிழ்த்தாள். நைந்துபோன கயிறு, இழுத்ததும் வந்துவிட்டது. தண்ணீரில் விட்டாள். ஒரு கல்லில் மாட்டி, சுற்றி, பிறகு போனது.

இராசம்மாவின் தோளில் கிடந்த செல்லம் தலையைத் தூக்கினாள். போகிற கயிற்றைப் பார்த்தாள். வேலாயியைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேன், புள்ள."

அவ்வளவுதான். தலை சாய்ந்தது. எல்லோரும் பயந்துபோனார்கள், ஆனால் தூக்கம். வீடு வரும்வரை தூங்கினாள். எழுந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். காய்ச்சல் விட்டிருந்தது. மறுநாள் வேலாயியைப் பார்த்து, "பெரியம்மா" என்றாள். தகரத் தட்டைக் கொடுத்தால் அதில் கிழங்கை வைத்துத் தின்றாள்.

வேலாயிக்கு வீடு காலியாகிவிட்டது. வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கயிறு இருந்த இடத்தில் கழுத்து வெளுத்திருந்தது. கை அடிக்கடி அங்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பியது.

ஒரு மாசம் போயிருக்கும். ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று கீழே பேச்சு, மேலே இன்னும் நிச்சயமாகத் தெரியாத நேரம். அன்றைக்குக் காலையிலிருந்து மழை. காட்டோரப் பள்ளத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி நடப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லோருடைய வெட்டுச் சத்தமும் நின்றது.

காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். சாலைப் பக்கமிருந்து அல்ல. பாதையே இல்லாத மேட்டிலிருந்து.

தாடி மார்பு வரை. உடம்பில் கந்தல். ஆனால் அந்த நடை, வளைந்த மூக்கு, புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு... சந்தேகமே இல்லை. சிங்காரம்தான்.

"வேலாயி" என்றான்.

இராசம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டாள். அவள் கண் வேலாயியின் வெறுங்கழுத்துக்குப் போனது. வேலாயி இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவன் குறைவாகத்தான் பேசினான். லோரி உருண்டது ஞாபகம் இருக்கிறது என்றான். ஆற்றில் விழுந்தது. அப்புறம்? "தெரியல. காட்டு ஜனங்க யாராச்சும் தூக்கிப் போட்டிருப்பாங்க." இத்தனை வருஷம் எங்கே இருந்தாய்? "காட்டுலதான். வழி தெரியல... இப்பத்தான் தெரிஞ்சது. நடந்துகிட்டே இருந்தேன்." எத்தனை நாளாக நடந்தாய் என்றால் அதற்கும் "தெரியல" என்றான்.

லைனுக்குக் கூட்டி வந்தார்கள். செல்லம் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். இராசம்மா பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள்.

"யாரும்மா இவரு?" என்று கேட்டாள் செல்லம். ஊர் பேர் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. வேறு ஒன்றுமில்லை.

அன்றைக்கு லைனில் சந்தோஷம்தான். ஒருவன் திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள் என்று பெண்கள் ஆளுக்கொரு கிழங்கு கொண்டு வந்து கொடுத்தார்கள். புதுக் கயிறு வாங்கிக் கோயிலில் கட்டிக்கொள் என்றார்கள் வேலாயியிடம். கட்டிக்கொள்ளலாம் என்றாள்.

கட்டிக்கொள்ளவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அவன் அந்த வீட்டில் இருந்தான். வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார், சம்பளம் வந்தது, அரிசி வந்தது. அவன் புல்வெட்டுக்குப் போனான், சொன்ன வேலையைச் செய்தான், யாரோடும் வம்பில்லை. லோரியை மட்டும் மறுபடி தொடவில்லை. வேலாயியை எப்போதும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். பிள்ளை குட்டி இல்லை. ஒரு மழைக்காலத்தில் காட்டுப் பக்கம் போனவன் திரும்பவில்லை. யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை. செல்லத்தைக் கியா பார்ம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்தாள். சின்ன வயசில் பேசியது ஒன்றும் தனக்கு ஞாபகமில்லை என்பாள்.

"புருஷன் திரும்பி வந்துட்டாரு, கயித்தக் கட்டிக்கறதுக்கு என்னக்கா?" என்று நாகப்பனின் அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். "அசதியா இருக்குடி" என்பாள் வேலாயி. வேறு பதில் வந்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, ஒரே ஒரு முறை, சொன்னாள். அவன் வந்த அந்த முதல் நாள், கூட்டம் கலைந்த பிறகு, வீட்டுக்குள் நடந்ததை.

மழைநாளில் காட்டோரம் போனால் அட்டை விடாது. அது உங்களுக்கே தெரியும். வாசலில் வந்து நின்ற அத்தனை பேரும் கால்விரல் இடுக்கிலிருந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். வாசல்படியெல்லாம் இரத்தத் துளி. வேலாயியின் காலிலும் இருந்தது. அப்போது அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை.

வெந்நீர் போட்டாள். அவனை அடுப்பங்கரையில் உட்கார வைத்து, விளக்கைக் கிட்டே நகர்த்தி, காலைக் கழுவ உட்கார்ந்தாள். நாள் கணக்கில் காட்டில், மழையில், வெறுங்காலோடு நடந்து வந்த கால். சேறு கரைந்து ஓடியது. முள் கிழித்த கோடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அட்டை இல்லை. விரல் இடுக்கில் பார்த்தாள். கணுக்காலில், முழங்காலுக்குப் பின்னால்... அட்டை கடித்த தடம் ஒன்றுகூட இல்லை.

அவளுடைய காலிலிருந்து ஓர் அட்டை இரத்தம் குடித்து உப்பிப்போய் ஈரத் தரையில் விழுந்தது. இன்னொன்று, இன்னும் குடிக்காதது, நூல் மாதிரி மெலிந்தது, எங்கிருந்தோ ஊர்ந்து வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. தலையைத் தூக்கி ஆட்டியது, சூடு எங்கே என்று தேடுமே, அந்த மாதிரி. அவனுடைய கட்டைவிரலுக்குப் போனது. தொட்டது. கல்லில் ஏறுவது போல அதன் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்பி, வேலாயியைப் பார்த்து ஊர்ந்து வந்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

அவனும் அந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, காலைப் போர்த்தியிருந்த சாக்குக்குள் இழுத்துக்கொண்டான்.